கோடு போட்டவன் முகம்

எங்கள் மலையில் பாகம் பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோடு போடுகிறவன் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவர் என்றால், ஒருவன் நிலத்தை இரண்டாக்கிக் கோடு போடுவான். மற்றவன் நடந்து பார்த்து, தனக்கு வேண்டிய பக்கத்தை முதலில் சொல்வான். மிச்சம் இருப்பது கோடு போட்டவனுக்கு. வாயால் சொன்னால் சொன்னதுதான். பிறகு சர்வேயர் வந்து அளப்பது பேப்பருக்காக.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எஸ்டேட்டில் மரம் ஏறி நிழல் கழிக்கிற வேலை பார்த்தவன். காப்பிச் செடிக்கு மேலே சில்வர் மரம் அடர்ந்தால் கிளையை வெட்டி வெயிலை உள்ளே விட வேண்டும். அந்த வேலையை விட்ட பிறகு, பாகம் பிரிக்கிற வீடுகளில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாழவந்தி, கொட்டச்சேடு, மாரமங்கலம் எல்லா ஊருக்கும் போயிருக்கிறேன். கூலி கிடையாது. சாப்பாடு போடுவார்கள். கயிறு பிடிப்பேன். சுண்ணாம்பு அடித்த கல் நடுவேன். பேச்சு அதிகம் வைத்துக்கொள்ள மாட்டேன். கோடு போடப் போகிறவனிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்வேன்.

"மட்டமான பக்கம் உனக்குத்தான் வரப்போவுதுன்னு நெனச்சுக் கோடு போடு சாமி."

இன்னொன்று, "தண்ணியப் பொதுவுல வெச்சுருங்க. தண்ணியப் பிரிச்சா ஒறவு நிக்காது."

இந்த இரண்டும் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு முறை கொட்டச்சேடு பக்கம் ஒரு வீட்டில் மூத்தவன் கோடு போட்டான். அருமையான கோடு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மற்றப் பக்கம் நல்லது மாதிரி தெரிந்தது. "உங்கண்ணன் நல்லவன்ப்பா" என்று தம்பிக்காரனிடம் சொன்னேன்.

அவன் ஒரு குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, "நல்லவருன்னு சொல்லாதீங்க மாமா, பயந்தவருன்னு சொல்லுங்க" என்றான். "மொதல்ல எடுக்கறது அவரா இருந்திருந்தா இந்தக் கோடு அந்தப் பலாமரத்தத் தாண்டி அந்தால போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவனும் சிரித்தான்.

"பயமோ ஞாயமோ, கோடு நேரா இருக்குதா இல்லியா?" என்றேன்.

"கோடு நேராத்தான் இருக்குதுங்க மாமா. நான் ஆளச் சொன்னேன்."

மறுபடி சிரிப்பு. எனக்கு ஒன்றும் படவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆள் எப்படி இருந்தால் என்ன? ஆசையில்லாத ஆள் எங்கே இருக்கிறான்? தனக்குக் குறைந்துவிடக் கூடாது என்று பார்ப்பான். அப்படிப் பார்த்தே கோட்டைச் சரியாகப் போட்டுவிடுவான். ஆசையையே பிடித்து நியாயத்துக்கு வேலை வாங்குகிற முறை இது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத் தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

என் தங்கை சேலத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர், தவறிவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். தங்கை ஒரு தையல் கடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். குடியிருந்த வாடகை வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். போன வருஷம் காப்பி எடுப்பு முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மேலே வந்தாள். சமையல்கட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் இங்கயே வந்தரலாம்னு பாக்கறேன்."

"வா."

"அந்தூட்டுக்கும் இந்தூட்டுக்கும் சாமானத் தூக்கித் தூக்கிச் சலிச்சுப்போச்சுங்ண்ணா. இங்க ஒரு மூலை இருந்தாப் போதும்."

"மூலை என்ன மூலை? அப்பா நெலந்தான. பாதி உன்னுது."

என் மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையில் கை நின்றது. பிறகு மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

"நான் பாகம் கேக்க வரலீங்ண்ணா" என்றாள் தங்கை. கண் கலங்கிவிட்டது.

"நீ கேக்கல. நான் சொல்றேன். கோடு நான் போடறேன். மொதல்ல நீ எடுத்துக்க. மொறை எல்லார்த்துக்கும் ஒண்ணுதான்."

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பாகம் கொடுப்பது சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் அவ்வளவாக இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் சொன்னது ஊருக்குள் பேச்சாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் நிலம் சரிவு. மேலே ரோடு. ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு, அப்பா கட்டியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதற்குக் கீழே காப்பி. நடுவில் காப்பிப் பழம் காய வைக்கிற சிமெண்டுக் களம். களத்துக்குக் கீழே மறுபடி காப்பி, அதற்குள் சில்வர் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. அடியில் பள்ளம். பள்ளத்தில் ஊற்று. மேலே பஞ்சாயத்துக் குழாய் மாசி கடைசியிலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். பங்குனி, சித்திரையில் வராது. ஊற்று எந்த வெயிலுக்கும் நிற்காது. அந்த நிலத்தில் கோடைக்கு யார் குடியிருந்தாலும் அந்த ஊற்றை வைத்துத்தான் குடியிருக்க வேண்டும்.

கொடி எல்லாம் நான் வைத்தது. ஊற்றைச் சுற்றிக் கல் கட்டியது நானும் அப்பாவும். எனக்குப் பள்ளம் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் அங்கே போய் ஒரு தடவை நின்றுவிட்டு வந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கோடு போடுவதற்காக நிலத்தை நடந்தேன். பல நாள் நடந்தேன். யாருக்கும் இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

ரோட்டுப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். அதனால் அந்தப் பக்கம் நிலம் குறைய வேண்டும். இது சரி. வீடும் அந்தப் பக்கமே நிற்கிறது. அதற்கு ஈடாகக் காப்பி கீழே கொஞ்சம் கூட வேண்டும். இதுவும் சரி. களத்தை நடுவில் வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆகாது. வீடு மேலே போனதால் களம் கீழே போக வேண்டும். சரி. ஊற்றைத் தூக்கி வைக்க முடியாது. அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஆக, களத்துக்கு மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு.

கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஊட்டையே மேல் பாகத்துல உட்டுட்டீங்க?"

"ஆமா."

"உங்க தங்கச்சி மேல எடுத்தா நம்ம எங்க போறது?"

"பள்ளத்துல ஒரு ஊடு கட்டிக்கறது."

"கீழ எடுத்தா?"

"இங்கயே இருக்கறது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் கயிற்றைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அவ டவுன்ல இருந்தவ. ரோட்டு மேல ஊடு இருக்கறப்ப பள்ளத்துக்கு எறங்குவாளா?"

"அது அவ இஷ்டம்."

"அதுவுஞ் செரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு மாதிரி சிரிப்பு உண்டு. வாய் சிரிக்காது, மூக்கு மட்டும் சிரிக்கும். அப்படிச் சிரித்துக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஊரிலும் அதையே வேறு மாதிரி பேசினார்கள். குடியிருக்கிற வீட்டையே தங்கச்சி எடுக்கிற மாதிரி வைத்துவிட்டாரே என்றார்கள். கோயில் உபதேசியார் இதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

எடுக்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தோம். நான், மனைவி, தங்கை. சாட்சிக்கு உபதேசியார். கோட்டில் கடைசிக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. டப்பாவும் மட்டையும் என் கையில் இருந்தன.

"போய்ப் பாத்துட்டு வா கண்ணு. அவசரமில்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

மேல் பக்கத்தை அவள் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். வீட்டுக்குள் போகக்கூட இல்லை. பிறகு கீழே இறங்கினாள். நெடுநேரம் ஆளைக் காணோம். உபதேசியார் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உம் கொட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஏறி வந்தபோது சேலைக் கரை நனைந்திருந்தது. முகம் கழுவியிருந்தாள். துடைக்கவில்லை. தண்ணீர் தாடையில் நின்றது. அவளுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அந்த நேரத்தில் அப்படித் தெரியவில்லை.

"என்னா குளிர்ச்சிங்ண்ணா அந்தத் தண்ணி! அங்க கேன் தண்ணி தூக்கித் தூக்கியே என்ற தோளு போச்சு. இது பாட்டுக்கு வந்துட்டே இருக்குது. யாரையும் கேக்கறதில்ல, கொள்றதில்ல."

"சொல்லும்மா, எந்தப் பக்கம்?" என்றார் உபதேசியார்.

"கீழ..." என்று ஆரம்பித்தாள். என்னிடம் சொல்வதற்காக என் பக்கம் திரும்பினாள்.

தன் முகத்தைத் தானே யாரும் பார்க்க முடியாது. என் முகம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. உடம்பு என்ன ஆனது என்று தெரியும். மரத்து மேலே நிற்கும்போது காலடிக் கிளை முறிந்தால் வயிற்றுக்குள் ஒன்றும் இல்லாமல் போகும். அப்படி ஆனது. மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி என் காலில் விழுந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"கீழ போயி நின்னு பாத்துட்டுத்தாங்ண்ணா வரேன். எனக்கு மேல் பக்கமே போதும்" என்றாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் உபதேசியார். "ரோடும் ஊடும் தங்கச்சிக்கு, பள்ளம் அண்ணனுக்கு. இப்படி ஒரு அண்ணன் யாருக்கு அமையும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. குனிந்த தலைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடித்தது மேல் என்றுதான். முடிக்காத சொல்லுக்குக் கணக்கில்லை. நான் ஒன்றும் அவளைக் கேட்கவில்லை, தடுக்கவில்லை. முறைப்படி இது செல்லும். இப்படி ஒவ்வொன்றாக வந்து நின்றது, எல்லாம் சரியாகவே நின்றது. வேறு வீட்டில் ஒரு பெண் இப்படிப் பாதியில் சொல்லை மாற்றியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். "அந்தப் புள்ள என்ன சொல்ல வந்துச்சோ அத முழுசாச் சொல்லட்டும்" என்று கயிற்றைக் கீழே போட்டிருப்பேன். அப்படிப் போட்டும் இருக்கிறேன், மாரமங்கலத்தில்.

உபதேசியார் காப்பி குடித்துவிட்டுப் போனார். தங்கை களத்து ஓரமாக உட்கார்ந்து நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கீழதான் வேணும்னு சொல்ல வந்த?"

"ஆமாங்ண்ணா."

"அப்பறம் என்னத்துக்கு மாத்துன?"

"உங்க மூஞ்சி அப்படி ஆயிருச்சு." சிரித்தாள். "கடைசி பஸ்ஸ உட்டுட்டவன் மூஞ்சியாட்டம். நான் பயந்தே போயிட்டேன், என்னமோ நெஞ்சு வலிதான் வந்துருச்சோன்னு."

நான் சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேனே."

"சொன்னீங்க. வாய் சொல்லுச்சு."

அவள் சேலைக் கரையை உதறிவிட்டாள். பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது பேசுகிற மாதிரி, கவனம் வேறெங்கோ இருக்கிற மாதிரி சொன்னாள்.

"அத்தன ஆசைன்னா ஒரு வார்த்த சொன்னா என்னங்ண்ணா? 'கண்ணு, அது நான் வெச்ச கொடி, எனக்கு வேணும்'னு சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? எங்கிட்டக் கேக்கறதுக்கு உங்களுக்கு வெக்கம். ஞாயம் பேசறதுக்கு வெக்கமில்ல."

"மாத்திக்கலாம். நீ கீழ எடுத்துக்க."

"வேண்டாஞ் சாமி. அப்பறம் அந்த மூஞ்சிய நான் தெனமும் பாக்கோணும்."

"கோட்ட அழிச்சுட்டு மறுக்காப் போடறேன்."

"மறுக்காப் போட்டா மறுக்காவும் ஒரு கணக்குப் போடுவீங்க. உங்களுக்கே தெரியாமப் போடுவீங்க. உடுங்க."

உங்களுக்கே தெரியாமல் என்றாளே, அது அவள் எனக்குக் காட்டிய இரக்கம். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஏனென்றால் அது உண்மை. கோடு போட்டபோது நான் ஏமாற்றுகிறேன் என்று நினைக்கவில்லை. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணு என்றால் பண்ணியிருப்பேன். திருடுகிறவனுக்காவது திருடுகிறோம் என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு காரணமும் சரியாக இருந்தது. எல்லாக் காரணமும் சேர்ந்து எனக்கு வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விட்டது. டவுன்காரி ரோட்டைத்தான் எடுப்பாள் என்று என் மனசு முன்னாடியே முடிவு கட்டிவிட்டது. அதனால் எனக்குப் பயம் இல்லை. மட்டமான பக்கம் உனக்குத்தான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், எனக்கு நல்ல பக்கம் வரும் என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறேன். கொட்டச்சேட்டுப் பையன் சொன்னது அப்போது புரிந்தது. அவன் அண்ணனிடம் இருந்தது பயம்தான். பயமாவது இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சோறு போட்டாள். தங்கை கை கழுவ வெளியே போயிருந்தாள். மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"எல்லா ஊட்டுலயும் தண்ணியப் பொதுவுல வெக்கச் சொல்லுவீங்களே. நம்மூட்டுல மட்டும் ஏனுங்க மறந்துபோச்சு?"



நிஜமாகவே எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் நிலத்தில் அத்தனை நாள் கயிறும் கையுமாக நடந்தும், ஊற்றங்கரையிலேயே நின்றும், வரவில்லை. ஊற்றைத் தூக்கி வைக்க முடியாது என்பது வந்தது. பொதுவில் வைக்கலாம் என்பது வரவில்லை. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

தங்கை உள்ளே வந்தாள். எச்சில் கையோடு எழுந்து நின்றேன்.

"ஊத்து பொதுவுல இருக்கட்டும். பத்திரத்துல எழுதிரலாம்."

அவள் என்னையும் பார்த்தாள், என் மனைவியையும் பார்த்தாள். "செரிங்ண்ணா. உக்காந்து சாப்புடுங்க" என்றாள். "நல்லவேளை, பத்திரத்துக்கு முன்னாடி அண்ணிக்கு ஞாபகம் வந்துச்சு."

"எனக்கு அன்னிக்கே ஞாபகம் இருந்துச்சு கண்ணு" என்றாள் மனைவி. "இவுருக்கு எப்ப வருதுன்னு பாத்துட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

பத்திரம் அப்படியே எழுதினோம். தங்கை தையல் மெஷினோடு வந்து ஓட்டு வீட்டில் குடியேறினாள். நாங்கள் பள்ளத்தில் சின்னதாக ஒன்று கட்டி இறங்கினோம். ஊற்றில் மோட்டார் வைத்து மேலே ஓஸ் இழுத்தேன். பங்குனியில் குழாய் நின்றபோது அவள் ரோட்டிலிருந்து கூப்பிடுவாள், "அண்ணா, தண்ணி உடுங்க!" என்று. அது அவள் தண்ணீர். கேட்க வேண்டியதே இல்லை. சுவிட்ச் என் வீட்டில் இருந்தது. அதுவும் பிறகுதான் எனக்கு உறைத்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே அவள் வீட்டிலும் ஒரு சுவிட்ச் போட வைத்தேன். அவர், "எதுக்குங்க ரெண்டு?" என்று கேட்டார். "போடுங்க" என்றேன்.

ஊரில் என் பேர் இன்னும் கூடிவிட்டது. வீட்டையும் கொடுத்து, தண்ணியையும் கொடுத்தார் என்று பேச்சு. ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் காலில் சுண்ணாம்பு சொட்டுகிற மாதிரி இருக்கும். பொறுக்காமல் ஒரு நாள் உபதேசியாரிடம் சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் மாற்றிச் சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்தார். "இதச் சொல்றதுக்கும் ஒரு மனசு வேணுமுங்க. அந்த மனசு உங்களுக்கு இருக்குது பாத்தீங்களா?"

அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதிலும் எனக்கு ஒரு நல்ல பேர் வந்து சேர்கிறது. சொல்லாமல் இருந்தாலும் வருகிறது.

வாழவந்தியிலிருந்து ஒருவர் வந்தார். மகன்களுக்குப் பிரித்துவிட வேண்டும், நீங்கள் வந்து நின்றால் போதும் என்றார். "முட்டி வலிங்க, சரிவுல எறங்க முடியறதில்ல" என்றேன். முட்டி வலிதான். பொய் இல்லை. அவர் போன பிறகு, என் வாயிலிருந்து எப்போதும் சரியான காரணம்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி உள்ளேயிருந்து, "நேத்து மரத்துல ஏறுனப்ப வலிக்கலீங்களா?" என்றாள்.

இந்த வைகாசியில் பலா பழுத்தது. மரம் தங்கை பக்கத்தில் நிற்கிறது. ஓஸில் எங்கோ ஒழுகுகிறது என்று பார்க்க மேலே போயிருந்தேன். பின்கட்டில் சாக்கை விரித்து, கத்திக்கு எண்ணெய் தடவிப் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். பழம் ஒரு பக்கம் கோணல். வெட்டு நடுவில் விழவில்லை. ஒரு பாதி பெரிது, ஒரு பாதி சின்னது. இரண்டையும் சாக்கோடு என் பக்கம் நகர்த்தினாள்.

"வெட்டுனது நானு. மொதல்ல நீங்க எடுங்க."

விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இல்லை. கையை நீட்டினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரியதை எடுத்தால் ஆசை என்று ஆகும். சின்னதை எடுத்தால் நல்ல பேருக்கு என்று ஆகும். கடைசியில் சின்னதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவள் பெரிய பாதியைத் திருப்பிப் பார்த்தாள். தண்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பாக அழுகல் இருந்தது.

"ஏனுங்ண்ணா, தங்கச்சிக்குன்னு பெருச உட்டீங்களா? இல்ல இதப் பாத்துட்டுத்தான் சின்னத எடுத்தீங்களா?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. கேலிக்குத்தான் கேட்டாள்.

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். என் கண் மரத்தின் அடியில் நின்றே மேலே எந்தக் கிளை உளுத்திருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். அதில் கட்டைவிரல் அளவு அழுகல் படாமலா இருக்கும்? பட்டிருக்கலாம். எனக்குச் சொல்லாமல் கைக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்.

"தெரியல கண்ணு" என்றேன். "பாத்தனா இல்லியான்னு எனக்கே தெரியல."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்குக் கோட்டின் மேல் நின்று பார்த்த அதே பார்வை. என் முகம் இப்போது என்ன ஆகியிருந்ததோ. இந்த முறை நான் குனிந்துகொள்ளவில்லை.

கத்தியை எடுத்து அழுகலைச் செதுக்கி எறிந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"கைக்குத் தடவிக்குங்க. பால் ஒட்டிச்சுன்னா போகாது."

தடவிக்கொண்டேன். இரண்டு பாதியையும் நடுவில் வைத்துக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தோம்.